கேள்வி–பதில்: கவுன்டருக்கு இந்தப் பக்கம்

(அமெரிக்காவில் பெட்ரோல் நிலையக் கடைகளில் நீண்ட காலம் கேஷியராகவும், பிறகு இரவு ஷிப்ட் மேலாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளர் தகராறும் துப்பாக்கியும் பற்றியவை.)

கேள்வி: என் மகன் கல்லூரி முடிந்து மாலையில் ஒரு சாண்ட்விச் கடையில் வேலை செய்கிறான். 2022 ஜூனில் இதே ஊரில், சாண்ட்விச்சில் மயோனைஸ் அதிகமாகிவிட்டது என்று ஒருவன் இரண்டு பெண் ஊழியர்களைச் சுட்டான். 26 வயதுப் பெண் இறந்துபோனார். காயம்பட்ட மற்றவரின் ஐந்து வயது மகன் அப்போது கடைக்குள்ளேயே இருந்தான். மயோனைஸுக்காக ஒரு மனிதன் சுடுவானா அம்மா? மகனை வேலையை விடச் சொல்லவா?
– ஒரு தாய், அட்லாண்டா

பதில்: மயோனைஸ் என்ற சொல் தலைப்பில் போட வசதியாக இருந்தது, உலகம் முழுக்கச் சுற்றிவந்தது. சண்டையின் முதல் வாக்கியம் அது, அவ்வளவுதான்.

மார்வின் வுல்ஃப்காங் என்ற குற்றவியல் அறிஞர், 1948 முதல் 1952 வரை பிலடெல்பியாவில் நடந்த 588 கொலைகளின் போலீஸ் பதிவுகளை உட்கார்ந்து படித்தார். 1958-இல் வந்த அவருடைய ஆய்வில், கொலைக்கான காரணங்களில் முதலிடம் அற்ப விஷயத்தில் மூண்ட வாய்த்தகராறுக்கு. ஒரு வசவு, தோளில் ஓர் இடி. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த வகைதான். எனவே, இந்தத் தலைமுறை கெட்டுவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் சிகாகோ பதிவுகளை ஆராய்ந்தார். துப்பாக்கியால் தாக்கப்பட்டவர்கள் இறந்த விகிதம், கத்தியால் தாக்கப்பட்டவர்கள் இறந்த விகிதத்தைவிடச் சுமார் 5 மடங்கு என்று கண்டார். தாக்கியவர்களின் கோபம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கையில் அகப்பட்டது எது என்பதில்தான் வேறுபாடு.

நான் கவுன்டரில் நின்ற காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஒருவர் ஆறாம் பம்புக்கு நாற்பது டாலர் முன்பணம் கட்டிவிட்டு, காரை எட்டாம் பம்பில் நிறுத்திக் குழாயை அழுத்திக்கொண்டிருந்தார். ஆறில் நின்ற வேறொருவர், தானாக வந்ததை ஏன் விடுவானேன் என்று நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். பணம் கட்டியவர் உள்ளே வந்தார். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். என்னோடு இருந்த கேஷியர் அம்மாள் அனுபவசாலி. ரசீதில் '6' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதை அவர் கையில்கூட எடுக்கவில்லை. அந்த மனிதரின் சட்டை இடுப்பருகே புடைத்திருந்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். எட்டாம் பம்பை நாற்பது டாலருக்குத் திறந்துவிட்டு, "போய் நிரப்புங்கள் ஐயா, கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனிதர் ஒரு நொடி நின்றார். பிறகு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே போனார். கல்லாவில் குறைந்த நாற்பது டாலரை அந்த அம்மாளின் அடுத்த சம்பளத்தில் முதலாளி பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடித்தம்தான் என் ஆத்திரம். கல்லாக் குறைவுக்காகப் பிடிக்கும் பணம் ஊழியரின் கூலியைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. அது மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு ஒரு காசு ஏறவில்லை. சட்டம் கிடக்கட்டும். அந்த அம்மாளுக்கு அன்று முதலாளி கற்றுக்கொடுத்த பாடம் என்ன? அடுத்த முறை ரசீதைக் காட்டி வாதாடு என்பதுதானே!

கொள்ளைக்காரன் வந்தால் கல்லாவைத் திறந்து கொடுத்துவிடு, எதிர்த்துப் பேசாதே என்று வேலைக்குச் சேர்ந்த உடனேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே கடையில், ரசீது இல்லாத மூன்று டாலர் பொருளைத் திரும்ப வாங்க மேலாளரின் ஒப்புதல் வேண்டும். கொள்ளைக்காரனுக்குக் கல்லாவையே தூக்கிக் கொடுக்க அதிகாரம் உள்ள பிள்ளைக்கு, கோபக்காரனுக்கு ஒரு புது சாண்ட்விச் செய்து கொடுக்க அதிகாரம் இல்லை. இரண்டு பேர் இடுப்பிலும் ஒரே துப்பாக்கி இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அட்லாண்டாவில் அந்தப் பெண்கள் எப்படி நடந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் மேல் பழியின் நிழல்கூட விழக் கூடாது. ஆனால் உங்கள் மகனை நாளைக்கே மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "யாரையும் கேட்காமல் எத்தனை டாலர் வரை நான் விட்டுக்கொடுக்கலாம்?" ஒரு தொகை பதிலாக வந்தால் வேலையைத் தொடரட்டும். "ஒரு சென்ட்கூடக் கூடாது" என்று வந்தால் வேறு கடை பார்க்கட்டும். சாண்ட்விச் கடைகளுக்கா பஞ்சம்?

கேள்வி: வாடிக்கையாளர் தெய்வம் என்கிறார்களே, உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: தெய்வம் காலாவதியான கூப்பனை நீட்டி நான் பார்த்ததில்லை.

கேள்வி: டல்லாஸ் பக்கம் இரண்டு கடைகள் வைத்திருக்கிறேன் அக்கா. டெக்சாஸில் யார் இடுப்பில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கவுன்டருக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி வைக்கலாம் என்று இருக்கிறேன். ஊழியர்களும் கொண்டுவர அனுமதி கேட்கிறார்கள். தற்காப்புதானே?
– ஒரு கடை முதலாளி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, தம்பி. உங்கள் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிறைந்தவர்களில் சட்டத் தடை இல்லாத எவரும் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். ஆனால் நீங்கள் யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். வேலையிட வன்முறையை அதிகாரிகள் நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: திருட வரும் அந்நியன், வாடிக்கையாளர், சக ஊழியர், ஊழியரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வருபவர். நீங்கள் துப்பாக்கி வாங்க நினைப்பது முதல் வகைக்கு. வாங்கிய பிறகு அது நான்கு வகையின்போதும் அங்கேயேதான் இருக்கும்.

வட கரோலினாவில் ஊழியர் கொல்லப்பட்ட வேலையிடங்களையும் மற்ற வேலையிடங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்தது. ஆயுதங்களை முற்றிலும் தடைசெய்த இடங்களைவிட, துப்பாக்கியை அனுமதித்த இடங்களில் ஊழியர் கொலைக்கான வாய்ப்பு சுமார் 5 மடங்கு இருந்தது. ஆபத்தான பகுதிக் கடைகள்தானே துப்பாக்கி வைத்திருக்கும் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் தேடினேன். அப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி போகவில்லை.

எண்கள் மனதில் ஒட்டாவிட்டால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1991 மார்ச் 16, லாஸ் ஏஞ்சலஸ். 15 வயதுச் சிறுமி ஒருத்தி 1.79 டாலர் ஆரஞ்சுச் சாற்றுப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கு வருகிறாள். கையில் இரண்டு டாலர் இருக்கிறது. கடைக்காரப் பெண்மணி, திருடுகிறாள் என்று பையைப் பிடித்து இழுக்கிறார். கைகலப்பு. சிறுமி அவரை அடிக்கிறாள். பிறகு சாற்றைக் கவுன்டரில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். பின்தலையில் குண்டு. எல்லாம் கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 500 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு கலவரத்தில் அந்த நகரம் பற்றி எரிந்தபோது அந்த ஆறாத காயமும் அதில் சேர்ந்திருந்தது. அந்தத் துப்பாக்கியும் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கவுன்டருக்குப் பின்னால் வைத்த துப்பாக்கிதான்.

உங்கள் கேஷியர்களில் யாருக்கு இரவு பதினொரு மணிக்கு, பத்து மணி நேரம் நின்ற பிறகு, ஒரு பதின்வயதுப் பிள்ளை கெட்ட வார்த்தை சொன்னால் கை நடுங்காது என்று எனக்குச் சொல்லுங்கள். அவரிடம் வேண்டுமானால் கொடுப்போம். அதுவரை, துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்ற அறிவிப்பைச் சட்டம் குறிப்பிடும் அதே வாசகத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வாசலில் மாட்டுங்கள். உங்கள் மாநிலத்தில் கடைக்காரருக்கு அந்த உரிமை உண்டு. சொந்தமாக எழுதி ஒட்டினால் செல்லாமல் போகலாம்.

கேள்வி: இதெல்லாம் அமெரிக்க வியாதி. மற்ற நாடுகளில் உண்டா?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: உண்டு, அரிதாக உண்டு. 2019 ஆகஸ்டில் பாரிஸுக்குக் கிழக்கே நுவாசி-லெ-கிராண்டில் 28 வயதுப் பரிமாறுபவர் ஒருவரை வாடிக்கையாளர் சுட்டுக் கொன்றார். சாண்ட்விச் வரத் தாமதமானதால் கோபமாக இருந்தார் என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் நகரில் பெட்ரோல் நிலையத்தில் 20 வயது மாணவர், முகக்கவசம் போடச் சொன்னதற்காகக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. கொன்றவருக்கு ஆயுள் தண்டனை.

இரண்டு நாடுகளும் உறைந்துபோயின. கவனியுங்கள்: அங்கே கோபக்காரர்கள் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானில் வாடிக்கையாளர்களின் அட்டூழியம் தாங்காமல் டோக்கியோ மாநகர அரசு அதைத் தடுக்கத் தனியாக ஒரு விதியே கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊழியரை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வது, மணிக்கணக்கில் தொலைபேசியில் திட்டுவது என்று அங்கே குவிந்த புகார்களைப் படித்தால் நம் வாடிக்கையாளர்களே பரவாயில்லை என்று நம் ஊழியர்கள் சொல்வார்கள். ஆனால் திட்டுபவரின் இடுப்பில் துப்பாக்கி இல்லை. அங்கே பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது ஏறக்குறைய முடியாத காரியம். அமெரிக்காவில் மக்களைவிட அவர்களிடம் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம்.

கேள்வி: மிரட்டிய வாடிக்கையாளர் ஒருவழியாகக் கடையை விட்டுப் போனதும் "அப்பாடா" என்று மறுபடி வேலையைத் தொடங்குகிறோம். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?
– ஓர் உதவி மேலாளர், டெட்ராய்ட்

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். "அப்பாடா" என்பதை நிறுத்துங்கள்.

மேலே சொன்ன ஜெர்மன் சம்பவத்தைப் பாருங்கள். கவசம் இல்லாமல் பீரோடு வந்தவர் மறுக்கப்பட்டதும் வெளியே போய்விட்டார். சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கவசம் அணிந்து திரும்பி வந்தார். கவுன்டர் முன்னால் நின்று அதைக் கீழே இறக்கினார். மறுபடி போடச் சொன்னபோது சுட்டார். உங்கள் மாநிலத்திலேயே, 2020 மே 1 அன்று ஃபிளின்ட் நகரில் மலிவு விலைக் கடை ஒன்றின் காவலாளி, மாநில ஆணைப்படி ஒரு பெண்ணின் மகளிடம் முகக்கவசம் வேண்டும் என்றார். தாய் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினார். சிறிது நேரத்தில் வீட்டு ஆண்கள் வந்தார்கள். காவலாளி இறந்தார். 2022 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு துரித உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போயிருந்தது என்று ஒரு தாய் குறைசொல்லிக்கொண்டே மகனை வீடியோ அழைப்பில் பிடித்தார். மகன் வந்தான். தகராறு வாசலுக்கு வெளியே போயிற்று. கழுத்தில் குண்டு பாய்ந்த 23 வயது ஊழியர் சில நாட்களில் இறந்தார்.

மூன்றிலும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. போனவர் ஆறிவிடுவார் என்று கடையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பலர் ஆறிவிடுகிறார்கள். சிலர் காரில் உட்கார்ந்து, நடந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டி, தான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைக் கண்டுபிடிக்கிறார்கள். அல்லது வீட்டுக்குப் போய், தன்னைவிடச் சூடான ஒருவரிடம் கதையைச் சொல்கிறார்கள்.

அதனால் அவர் கதவைத் தாண்டியதும் உங்கள் வேலை ஆரம்பமாகிறது. சண்டையில் முகம் கொடுத்தவரைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்னறையில் சரக்கு அடுக்கட்டும், அல்லது வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போகட்டும். திரும்பி வருபவர் தேடுவது அந்த முகத்தைத்தான். கார் எண்ணைக் கேமராவில் பாருங்கள், வெளியே ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். "திரும்பி வருவேன்", "யார் என்று காட்டுகிறேன்" என்ற சொல் வாயிலிருந்து வந்திருந்தால், அல்லது சட்டையைத் தூக்கிக் காட்டியிருந்தால், 911-ஐ அப்போதே அழையுங்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம்; மிரட்டல் நடந்திருக்கிறது. கதவைப் பூட்டிச் சிறிது நேரம் வியாபாரம் இல்லையென்றால் முதலாளி ஏழையாகிவிட மாட்டார். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதி வையுங்கள். ஆளின் தோற்றம், கார், என்ன சொன்னார் என்று. என் கடையில் கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டு இருந்தது. அதைப் படிக்காமல் யாரும் ஷிப்ட் ஏற்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். சிலர் என்னை அதற்காகக் கேலி செய்தார்கள், செய்யட்டும்.

எக்காரணம் கொண்டும் தகராறை வாசலுக்கு வெளியே கொண்டுபோக விடாதீர்கள். "வெளியே வா, பேசிக்கொள்ளலாம்" என்று அழைப்பவரிடம் பேச ஒன்றும் இல்லை.

கேள்வி: குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுவிட்டால் தீர்ந்ததா?
– ஒரு வாசகி, பிலடெல்பியா

பதில்: இந்தக் கண்ணாடிக்காக உங்கள் நகர மன்றமே 2017-இல் சண்டை போட்டுக்கொண்டதே! சில வகை பீர் கடைகளில் அந்தத் தடுப்பை எடுக்க வைக்கலாமா என்று. எங்களைச் சிறைக்கைதிபோல நடத்துகிறார்கள் என்றது ஒரு தரப்பு. உயிர் போனால் யார் பொறுப்பு என்றார்கள் கடைக்காரர்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. கொள்ளையைத் தடுக்கக் கண்ணாடி உதவும். தகராறில் அது ஒரு தொல்லையும் தரும்: சத்தமாகப் பேசினால்தான் கேட்கும், சத்தமாகப் பேசினால் கத்துவதாகப் படும். போடுவதானால் நல்ல ஒலிபெருக்கியும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: நியூயார்க்கில் கடை ஊழியர்களைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே? நான் ஒரு துரித உணவகத்தில் வேலை செய்கிறேன்.
– ஓர் ஊழியர், குயின்ஸ்

பதில்: வந்திருக்கிறது. 2024-இல் கையெழுத்தாகி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. வன்முறைத் தடுப்புக் கொள்கையை எழுத்தில் வைக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். 500 அல்லது அதற்கு மேற்பட்ட கடை ஊழியர்கள் உள்ள பெரிய நிறுவனங்கள் 2027 ஜனவரி முதல் அவசர பொத்தான் வைக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவு விற்பதே முக்கியத் தொழிலாக உள்ள இடங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஆறிய வறுவலுக்காக ஓர் ஊழியரைப் பறிகொடுத்த அதே மாநிலம்! சட்டம் எழுதியவர்களுக்கு மறதி அதிகம்போலும். கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து உள்ள சட்டம் பெரும்பாலான வேலையிடங்களுக்கும் பொருந்தும். நடந்த ஒவ்வொரு வன்முறைச் சம்பவத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது அதை எடுத்துக்காட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் நல்லவர். ஆனால் உணவகத்தில் சின்னத் தவறு நடந்தாலும் பரிமாறும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவார். அவரிடம் உரிமத்தோடு ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. கத்தும்போது நான் சிரித்துச் சமாளிக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சிரித்துச் சமாளிப்பதை முதலில் நிறுத்துங்கள், சகோதரி. நீங்கள் சிரிப்பது அந்தப் பிள்ளைக்கு "இவர் இப்படித்தான்" என்று சொல்வதாக நினைக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு அது ஆதரவாகக் கேட்கிறது. தனியாக இருக்கும்போது அவர் கடைகளில் இப்படிக் கத்துவாரா என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்தவரையில், தனியாக வந்து கத்தியவர்களைவிட, மனைவியையோ நண்பர்களையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தியவர்களே அதிகம். பக்கத்தில் இருப்பவர் முன்னால் தோற்கக் கூடாது என்ற வெறி அது.

துப்பாக்கியைப் பற்றி, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு காலை வேளையில் பேசுங்கள். சாப்பிடப் போகும்போது அது வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும்; மது விற்கும் இடமானால் பல மாநிலங்களில் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. "என்னை நம்பவில்லையா?" என்று கேட்பார். "சாப்பாட்டுக்கு எதற்கு அது?" என்று கேளுங்கள்.

அடுத்த முறை அவர் குரலை உயர்த்தியதும் எதுவும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்காருங்கள். சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லை அவர் கட்டிவிட்டு வரட்டும், டிப்ஸ் சேர்த்து.